மோதிரம் கழலவில்லை என்று எழுதியிருந்தீர்களே

கேள்வி: எனக்கு 44 வயது. பாலர் பள்ளி ஆசிரியை. இரண்டு ஆண்டுகளாக அரை மாரத்தான் ஓடி வருகிறேன். அடுத்த ஆண்டு மலேசியாவில் ஒரு மலைப்பாதை ஓட்டத்தில் 50 கிலோமீட்டர் ஓட ஆசை. போன மாதம் தோழியுடன் மெக்ரிட்ச்சிக் காட்டுப்பாதையில் பயிற்சிக்குப் போனேன். நான்கு மணி நேரத்தில் நான்கு லிட்டர் தண்ணீர் குடித்திருப்பேன். சாப்பிட்டது ஒரே ஒரு வாழைப்பழம். கடைசியில் தலை சுற்றியது, குமட்டியது, அப்படியே உட்கார்ந்துவிட்டேன். விரல் வீங்கி மோதிரம்கூடக் கழலவில்லை. கணவர் இனி வேண்டாம் என்கிறார். "ரெண்டு பிள்ளைக்குத் தாய், காட்டுக்குள்ள ஓடி என்ன ஆகப்போகுது" என்கிறார் மாமியார். நான் விட்டுவிட வேண்டுமா? இந்த ஆசை சுயநலமா?
– ஈசூன் வாசகி, சிங்கப்பூர்

பதில்: விட வேண்டாம். ஆனால் அடுத்த நீண்ட ஓட்டத்துக்கு முன் ஒரு மருத்துவரைப் பாருங்கள். எனக்கு எழுதியதை அப்படியே அவரிடமும் சொல்லுங்கள், மோதிரத்தையும் சேர்த்து.

கடிதத்தில் அந்த வரியைப் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். என் கண் அதில்தான் நின்றது. தலைசுற்றல் என்றதும் தண்ணீர் போதவில்லை என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். உங்கள் விஷயத்தில் அது நேர் எதிராக இருந்திருக்கலாம். வியர்வையில் தண்ணீரோடு உப்பும் போகிறது. போன உப்பைத் திருப்பித் தராமல் வெறும் தண்ணீராகக் குடித்துக்கொண்டே இருந்தால், இரத்தத்தில் சோடியத்தின் அளவு இறங்கிவிடும். விரல் வீக்கம், குமட்டல், தலைவலி, தலைசுற்றல் எல்லாம் அதற்கு அறிகுறியாக வரலாம். நீண்ட நேரம் ஓடினால் சாதாரணமாகவே விரல் கொஞ்சம் வீங்கும்தான். ஆனால் நான்கு லிட்டர் தண்ணீரும் குமட்டலும் சேர்ந்திருப்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். முற்றினால் இது உயிருக்கே ஆபத்து. பேச்சு குழறினாலோ, நினைவு தடுமாறினாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ, கூட இருப்பவர் தாமதிக்காமல் அவசர மருத்துவ உதவிக்கு 995ஐ அழைக்க வேண்டும். "இன்னும் கொஞ்சம் தண்ணி குடி" என்று ஊற்றக் கூடாது.

எனக்கும் இது நடந்திருக்கிறது. என் முதல் 50 கிலோமீட்டரில், 35ஐத் தாண்டியதும் காலணிக் கயிறு அவிழ்ந்தது. குனிந்தேன். விரல்கள் கையுறை போட்டதுபோலத் தடித்துக் கிடந்தன. தினமும் கட்டுகிற முடிச்சு, எப்படிப் போடுவது என்றே தெரியவில்லை. பின்னால் வந்த ஒரு மலாய்க்கார அம்மா என்னை ஒரு மரத்தடியில் உட்காரவைத்து, கயிற்றைக் கட்டிவிட்டு, தன் பையிலிருந்து உப்புப் போட்டு அவித்த உருளைக்கிழங்கு இரண்டு எடுத்துக் கொடுத்தார். அதுவரை நான் தண்ணீரைத் தவிர எதையும் தொடவில்லை. அன்று அத்தோடு நிறுத்திக்கொண்டேன். அதில் எனக்கு இன்றுவரை வருத்தம் இல்லை.

வீட்டில் எடை பார்க்கும் கருவி இருக்கும் அல்லவா? ஓடப் போகும் முன் ஒரு தடவை, வந்து உடம்பைத் துடைத்த பின் ஒரு தடவை ஏறி நில்லுங்கள். ஒரு கிலோ குறைந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் போயிருக்கிறது என்று கணக்கு. கொஞ்சம் குறைவது நல்லதுதான். எடை கூடியிருந்தால் தேவைக்கு மேல் குடித்திருக்கிறீர்கள். நாலைந்து ஓட்டங்களுக்கு இப்படிக் குறித்துவைத்தால் உங்கள் உடம்பின் கணக்கு உங்களுக்கே பிடிபட்டுவிடும். அப்புறம் தாகத்துக்குக் குடியுங்கள், கடிகாரத்துக்குக் குடிக்காதீர்கள்.

சாப்பாடுதான் அடுத்தது. மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். ஒரு வாழைப்பழத்தில் ஏறக்குறைய 25 கிராம்தான் இருக்கும். நான்கு மணி நேரத்தை அதை வைத்து ஓட்டியிருக்கிறீர்கள்! ஓட்டக்காரர்களுக்கென்று கடையில் விற்கும் இனிப்பு ஜெல் வயிற்றுக்கு ஒத்துக்கொண்டால் சரி. எனக்கு மூன்றாவது பாக்கெட்டிலேயே திகட்டிவிடும். நான் புளிசாதத்தைச் சின்னச் சின்ன உருண்டையாகப் பிடித்து நெகிழித்தாளில் சுற்றிக்கொள்வேன். புளியும் உப்பும் நாக்கில் பட்டதும் ஒரு தெம்பு வரும் பாருங்கள். பேரீச்சம்பழம், கடலை மிட்டாய், உப்புப் போட்ட மோர் எல்லாமே நல்லது. எதுவானாலும் முதலில் பயிற்சியில் தின்று பாருங்கள். ஒரு விஷயத்தில் மட்டும் நான் கண்டிப்பு. ஓடும்போது ஐபுபுரோஃபன் போன்ற வலி மாத்திரை போடாதீர்கள். அந்த நேரத்தில் சிறுநீரகத்துக்கு அது கூடுதல் சுமை.

50 கிலோமீட்டர் என்றதும் அவ்வளவையும் ஓட வேண்டும் என்று நினைக்கிறீர்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம். ஆல்ப்ஸ் மலையில் மோன் பிளானைச் சுற்றி ஓடும் யூடிஎம்பி ஓட்டம் 170 கிலோமீட்டருக்கும் மேல். ஏற்றம் மட்டும் மொத்தம் ஏறக்குறைய 10,000 மீட்டர். அங்கே முன்னணியில் இருப்பவர்களே செங்குத்தான ஏற்றத்தில் முழங்காலில் கை ஊன்றி நடக்கிறார்கள். மேட்டில் நடப்பது, சமதளத்தில் மெதுவோட்டம், ஓயாமல் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுவது. நெடுந்தூரம் ஓடுவது பெரும்பாலும் இதுதான். நம் ஊரில் விடியற்காலையில் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டிவிடும். வியர்வை ஆவியாகாமல் சொட்டிக்கொண்டே இருக்கும், உடம்புச் சூடு இறங்காது. அதனால் கூட வருபவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகம்தான் உங்கள் வேகம். பேச முடியவில்லையா, நடங்கள்.

மலைக்கு என்ன செய்வது? நம் ஊரிலேயே உயரமான புக்கிட் தீமாக் குன்றின் உச்சியே 163 மீட்டர்தான். மலேசியாவில் நீங்கள் ஏறப்போவது அதைப் போலப் பல மடங்கு இருக்கும். ஆனால் உங்கள் புளோக்கில் படிக்கட்டு இருக்கிறதே! பத்து மாடி ஏறினால் ஏறக்குறைய 28 மீட்டர். வாரம் ஒரு நாள் மாலையில் ஏறுங்கள், மின்தூக்கியில் இறங்குங்கள். தொடை பழகிய பிறகு இறங்குவதையும் படியிலேயே செய்யுங்கள். மலையில் தொடையை வாட்டுவது இறக்கம்தான். போட்டிக்கு ஓரிரு மாதம் முன்பு, ஒரு வார இறுதியில் மலேசியாவின் குளுவாங்குக்குப் போய் 510 மீட்டர் உயரமுள்ள குனோங் லம்பாக்கில் ஏறி வந்தால் போதும்.

கணவருடன் வாதாடாதீர்கள். தோழியின் தோளில் சாய்ந்து வீடு வந்த மனைவியைப் பார்த்தவர் அவர், அந்தப் பயம் நியாயமானது. அவரையும் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள். அடுத்த சில மாதங்களுக்கு நீண்ட பயிற்சியைக் காட்டில் வேண்டாம், பழைய ரயில் பாதையில் வைத்துக்கொள்ளுங்கள். 2011 ஜூன் 30 இரவோடு மலாயா ரயில் ஓடுவது நின்ற பாதை. உட்லண்ட்ஸிலிருந்து தஞ்சோங் பகார் வரை 24 கிலோமீட்டர், அநேகமாகச் சமதளம், வேண்டாம் என்றால் நினைத்த இடத்தில் வெளியேறலாம். நம்மில் பலருடைய தாத்தாக்கள் மூட்டையோடு வந்து இறங்கிய ரயில் அது. வடக்கிலிருந்து கிளம்புங்கள். பழைய புக்கிட் தீமா ரயில் நிலையத்தில், இத்தனை மணிக்கு, கையில் புளிசாதத்தோடு நிற்கும்படி அவரிடம் சொல்லுங்கள். கிங் ஆல்பர்ட் பார்க் எம்ஆர்டியிலிருந்து நடக்கிற தூரம்தான். நீங்கள் சிரித்துக்கொண்டே வந்து சாப்பிட்டுவிட்டு மறுபடி கிளம்புவதை அவர் ஓரிரு முறை கண்ணால் பார்க்கட்டும். பேசிப் புரியவைப்பதைவிட அது சுலபம்.

மாமியாருக்கு வேறு வழி. டேங்க் ரோடு முருகன் கோயிலை 1859இல் கட்டியவர்கள் நகரத்தார். அவர்களுடைய ஊர்ப்பக்கம் தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழநிக்குக் காவடியோடு நூறு கிலோமீட்டருக்கும் மேல் நடந்தே போகிறார்கள். வெயில் ஏறுமுன் நடை, வழியில் சாப்பாடு, உட்கார்ந்து கால் பிடித்துவிடுவது, மறுபடி நடை. பாதயாத்திரையின் பக்குவம் உங்கள் மாமியார் தலைமுறைக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். காலில் கொப்புளம் வந்தால் என்ன செய்வார்கள் என்று அவரிடமே கேளுங்கள். கேட்கிற மருமகளிடம் மாமியார் கோபமாக இருப்பது கஷ்டம்.

சுயநலமா என்று கேட்டிருந்தீர்கள். வாரத்தில் ஐந்து நாள் ஊரார் பிள்ளைகளுக்கு மூக்குச் சிந்திவிடுகிற கை உங்களுடையது. சனிக்கிழமை காலையில் நான்கு மணி நேரம் உங்களுக்கென்று கேட்பதில் என்ன தவறு? திரும்பி வரும் நேரத்தைச் சொல்லிவிட்டுப் போங்கள், அந்த நேரத்தில் வந்துவிடுங்கள். கைப்பேசியில் இருக்கும் இடத்தைப் பகிர்ந்துவிட்டால் அவர்களுக்கும் நிம்மதி. காட்டுக்குள் தனியாகப் போகாதீர்கள். இடி கேட்டால் அன்றைய ஓட்டம் முடிந்தது.

அப்புறம், மோதிரத்தை வீட்டிலேயே கழற்றி வைத்துவிடுங்கள். விரல் வீங்கினால் அது இரத்த ஓட்டத்தை நிறுத்திவிடக்கூடும். வீக்கம் தெரிய உங்கள் கைக்கடிகாரப் பட்டை போதும். கிளம்பும்போது எந்தத் துளையில் மாட்டினீர்கள் என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.