சேலம் விமான நிலையத்தில் சேவை ஏன் விட்டுவிட்டு நடந்தது?

சேலம் ஒரு மண்டல விமான நிலையம். அதாவது, சிறு நகரத்தைப் பெருநகரங்களோடு இணைக்கும் நிலையம். காமலாபுரத்தில் 1993-இல் திறந்தது. பல ஆண்டுகள் ஓடுபாதை வெறிச்சோடிக் கிடந்தது. 2009-இல் கிங்ஃபிஷர் விமான நிறுவனம் வந்தது, 2011-இல் நின்றது. சிறு நகரங்களுக்கு விமானம் விட மத்திய அரசு உதவும் உடான் திட்டத்தில், 2018 மார்ச்சில் ட்ரூஜெட் நிறுவனம் சென்னைக்குப் பறந்தது. அதுவும் நின்று, 2023 அக்டோபரில்தான் சேவை மீண்டது.

காரணம் இதுதான்: ஓடுபாதை சுமார் 1,800 மீட்டர். எழுபது பேர் அமரும் ஏடிஆர் ரக விமானத்துக்குச் சரி, பெரியவற்றுக்குப் போதாது. இருக்கை குறைவு என்பதால் தலைக்கு விழும் செலவு அதிகம். கிராமத்து மினி பஸ் மாதிரிதான்: நாலு சீட் காலியானாலே டீசல் காசு கையைக் கடிக்கும். அந்த இழப்பில் ஒரு பகுதியைத்தான் உடான் ஈடுகட்டுகிறது. ஊர்க்காரர்கள் கேட்கும் ஓடுபாதை விரிவாக்கம் நியாயமானது.

விமானம் நின்றால் நிலையத்தையே மூடிவிட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். நிலையம் விமான நிலைய ஆணையத்துடையது, விலகுவது விமான நிறுவனம் மட்டுமே.