எமோஜி ஏன் பெட்டியாகிறது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை எமோஜி பற்றியவை. பதில்களில் எமோஜிகளை நேரடியாக இடாமல், எந்த முகம், எந்தச் சின்னம் என்று சொல்லியே எழுதியிருக்கிறேன். நான் இடும் படம் உங்கள் திரையிலும் அதே படமாக வரும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. கீழே வரும் சிக்கல்களில் பலவற்றுக்கு அதுவே காரணம்.

எமோஜி வேலை செய்யவில்லை. எப்படிச் சரிசெய்வது? (பெயர் போடாதவர்)

எதில் வேலை செய்யவில்லை? போனிலா, கணினியிலா? தட்டச்சு செய்ய வரவில்லையா, வந்தது தெரியவில்லையா, அனுப்பியது மறுமுனையில் மாறிவிட்டதா? எந்தக் கருவி, இயங்குதளத்தின் எந்தப் பதிப்பு, எந்த மென்பொருள் என்ற மூன்றையும் எழுதாமல் வரும் கேள்விக்கு என்னால் பதில் தர முடியாது. பல முறை கேட்டுவிட்டேன். மூன்றையும் எழுதி மறுபடி அனுப்புங்கள்.

கணினியில் எமோஜி இடுவதற்கு ஒவ்வொரு முறையும் இணையத்தில் தேடி நகலெடுத்து ஒட்டுகிறேன். வேறு வழி உண்டா? (ஆசிரியை ஒருவர்)

உண்டு. விண்டோஸ் 10, 11 இரண்டிலும் விண்டோஸ் விசையை அழுத்திக்கொண்டு முற்றுப்புள்ளியைத் தட்டுங்கள். மேக்கில் கன்ட்ரோல், கமாண்ட், ஸ்பேஸ் மூன்றையும் சேர்த்துத் தட்டினால் போதும். குரோம்புக்கில் தேடல் விசை, ஷிஃப்ட், ஸ்பேஸ். பலகை திறந்ததும் பெயரைத் தட்டித் தேடலாம்.

அக்கா அனுப்பும் சில எமோஜிகள் என் பழைய ஆண்ட்ராய்டு போனில் வெறும் பெட்டியாகத் தெரிகின்றன. அதே எமோஜி வாட்ஸ்அப்பில் வந்தால் சரியாக இருக்கிறது. போனில் பழுதா? (கல்லூரி மாணவி)

பழுது இல்லை. அக்காவின் போனிலிருந்து படம் எதுவும் உங்களுக்கு வரவில்லை. வருவது யூனிகோடு (உலக மொழிகளின் எழுத்துகளுக்கும் எமோஜிகளுக்கும் எண் தரும் பொதுத் தரநிலை) தந்த எண் மட்டுமே. அந்த எண்ணுக்கு உரிய படத்தை வரைவது உங்கள் போனில் இருக்கும் எழுத்துரு. 2010இல் வந்த யூனிகோடு 6.0இல்தான் எமோஜிகள் பெரிய அளவில் சேர்ந்தன. அதன் பிறகு ஏறக்குறைய ஆண்டுதோறும் புதியவை சேர்கின்றன. உங்கள் எழுத்துரு வெளியான பிறகு சேர்ந்த எமோஜிக்கு அதில் படம் இருக்காது, அதனால் பெட்டி வருகிறது. ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப் தன் எமோஜிப் படங்களைத் தானே கொண்டுவருகிறது. செயலியைப் புதுப்பித்தால் படங்களும் புதுப்பிக்கப்படும். குறுஞ்செய்திச் செயலி பெரும்பாலும் போனின் எழுத்துருவை நம்பியிருக்கும். ஆண்ட்ராய்டு 12 முதல் எமோஜி எழுத்துருவை மட்டும் தனியாகப் புதுப்பிக்க முடிகிறது. அதற்கு முந்தைய போன்களில் முழு இயங்குதளமும் புதுப்பிக்கப்பட வேண்டும்.

இன்னொன்று. ‘புத்தம் புதிய எமோஜிகள்’ என்று விளம்பரம் செய்யும் கீபோர்டு செயலிகளை நிறுவாதீர்கள். கீபோர்டு செயலியால் நீங்கள் தட்டும் ஒவ்வோர் எழுத்தையும் பார்க்க முடியும், கடவுச்சொல்லும் அதில் அடக்கம்.

எங்கள் மேலாளர் அனுப்பும் மின்னஞ்சல்களில் வாக்கியம் முடிந்ததும் ‘ஜே’ என்ற ஒற்றை ஆங்கில எழுத்து நிற்கிறது. ஏதாவது குறிப்பா? (அலுவலக உதவியாளர்)

குறிப்பு எதுவும் இல்லை, அவர் சிரித்திருக்கிறார். அவுட்லுக்கில் முக்காற்புள்ளியும் அடைப்புக்குறியும் தட்டினால், தானியங்கித் திருத்தம் அதை, எழுத்துகளுக்குப் பதில் சின்னங்கள் கொண்ட விங்டிங்ஸ் எழுத்துருவின் சிரித்த முகமாக மாற்றிவிடும். அந்த எழுத்துருவில் ‘ஜே’ இருக்க வேண்டிய இடத்தில்தான் அந்த முகம் இருக்கிறது. விங்டிங்ஸ் இல்லாத கருவியிலும், வடிவமைப்பை நீக்கிவிட்டு வெறும் எழுத்தாகக் காட்டும் மென்பொருளிலும் ‘ஜே’ மட்டும் மிஞ்சும். அவருடைய அவுட்லுக்கில் ஆட்டோகரெக்ட் பட்டியலிலிருந்து அந்த ஒரு வரியை நீக்கினால் சரியாகிவிடும்.

வாடிக்கையாளர் கருத்துகளை சிஎஸ்வி கோப்பாக இறக்கி எக்செல்லில் திறந்தேன். எமோஜி எல்லாம் புரியாத எழுத்துகளாகிவிட்டன. சேமித்துவிட்டு மறுபடி திறந்தாலும் அப்படியே இருக்கிறது. (கணக்கர்)

சேமித்திருக்கவே கூடாது. குறுக்குக்கோடு போட்ட ‘டி’ போல ஒன்று, அதன் பக்கத்தில் தலையில் இரட்டைப்புள்ளி வைத்த ‘ஒய்’, இப்படித்தானே ஒவ்வொன்றும் தொடங்குகிறது? கோப்பு யுடிஎஃப்-8 என்ற குறியாக்கத்தில், அதாவது எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் முறையில், இருக்கிறது, எக்செல் அதைப் பழைய மேற்கத்தியக் குறியாக்கமாக நினைத்துப் படித்துவிட்டது. கோப்பில் தமிழ் இருந்தால் அதுவும் கெட்டிருக்கும், வழியெங்கும் வட்டத்துக்குள் ‘ஆர்’ தெரியும். மூலக்கோப்பை மறுபடி இறக்குங்கள். இரட்டைச் சொடுக்கில் திறக்காதீர்கள். எக்செல்லில் வெற்றுத் தாள் ஒன்றைத் திறந்து, டேட்டா தாவலில் ‘ஃப்ரம் டெக்ஸ்ட்/சிஎஸ்வி’ வழியாக உள்ளே எடுங்கள். குறியாக்கம் கேட்குமிடத்தில் 65001, அதாவது யுடிஎஃப்-8ஐத் தேர்ந்தெடுங்கள். எதையும் சேமிக்கும் முன் மூலக்கோப்பை நகல் எடுத்து வைத்துவிடுங்கள்.

எங்கள் குழுவின் எக்செல் தாளில் வேலை முடிந்தால் பச்சை வட்டம், நடந்துகொண்டிருந்தால் மஞ்சள் வட்டம், தாமதமானால் சிவப்பு வட்டம் என எமோஜி வைக்கிறோம். பார்த்ததும் புரிந்துவிடுகிறது. ஒருவர் மட்டும் வார்த்தையில் எழுதச் சொல்லி அடம்பிடிக்கிறார். அவரை எப்படிச் சமாளிப்பது? (குழுத் தலைவர்)

சமாளிக்க வேண்டாம். அவர் சொல்வதைச் செய்யுங்கள்.

பார்த்ததும் யாருக்குப் புரிகிறது? சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாதவர்கள் எல்லா அலுவலகங்களிலும் இருக்கக்கூடும். பெண்களைவிட ஆண்களில் இது பல மடங்கு அதிகம். பலர் வெளியே சொல்வதில்லை. உங்கள் மூன்று வட்டங்களும் ஒரே அளவு, ஒரே வடிவம். நிறம் தெரியாதவருக்கு மூன்றும் ஒன்றுதான். தாளைக் கருப்பு வெள்ளையில் அச்சிட்டால் உங்களுக்கும் அதே கதிதான். எல்லோரும் அணுகும்படி இணையப் பக்கங்களை அமைப்பதற்கான சர்வதேச வழிகாட்டு நெறிகளில், நிறத்தை மட்டும் வைத்துத் தகவல் சொல்லக் கூடாது என்பது அடிப்படை நிலையிலேயே வருகிறது.

அடுத்து, திரைவாசிப்பான். பார்வையற்றவர்கள் பயன்படுத்தும் என்விடிஏ, ஜாஸ், வாய்ஸ்ஓவர், டாக்பேக் போன்றவை எமோஜியை அதன் பெயரால் படிக்கும். தமிழிலும் எமோஜிப் பெயர்கள் தொகுக்கப்பட்டிருக்கின்றன. ஆனால் ‘பச்சை வட்டம்’ என்று காதில் விழுந்தால் வேலை முடிந்ததா, தொடங்கலாமா, அனுமதி கிடைத்ததா என்று எப்படித் தெரியும்? செய்திகளில் இன்னும் மோசம். அறிவிப்பு ஒன்றை அழகாக்க நடுநடுவே படம் செருகுகிறவர்கள், அது இப்படிக் காதில் விழுவதை ஒரு முறையாவது கேட்க வேண்டும்: “நாளைய கூட்டம் ராக்கெட் ராக்கெட் ராக்கெட் மாலை நெருப்பு நெருப்பு 4 மணிக்கு கைதட்டல் கைதட்டல் கைதட்டல் கைதட்டல்.” இதில் நேரம் எங்கே ஒளிந்திருக்கிறது பாருங்கள். பெயருக்கு இருபுறமும் நட்சத்திரம் வைத்துக்கொண்டவர் குழுவில் பத்துச் செய்தி போட்டால், பத்து முறையும் அந்த நட்சத்திரங்களைக் கேட்டாக வேண்டும். உங்கள் போனிலேயே அணுகல்தன்மை அமைப்பில் வாய்ஸ்ஓவரோ டாக்பேக்கோ இருக்கிறது. அதை இயக்கி, நேற்று நீங்கள் அனுப்பிய செய்தியைக் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். அதற்கு முன் அணைப்பது எப்படி என்று படித்துக்கொள்ளுங்கள், விரல் அசைவுகள் எல்லாம் மாறிவிடும்.

சரி, இவை எதுவும் உங்கள் குழுவுக்குப் பொருந்தாது என்றே வைத்துக்கொள்வோம். தாமதமான வேலைகளை மட்டும் வடிகட்டிப் பாருங்கள். ஒருவர் சிவப்பு வட்டம் வைத்திருப்பார், இன்னொருவர் சிவப்புச் சதுரம், மூன்றாமவர் எச்சரிக்கை முக்கோணம். ஒவ்வொன்றும் வேறு வேறு எண். உங்கள் எண்ணிக்கை தவறாகவே வரும், தவறு என்பதும் தெரியாது.

செய்ய வேண்டியது எளிது. ‘முடிந்தது’, ‘நடக்கிறது’, ‘தாமதம்’ என்ற மூன்று சொற்களைக் கீழிறங்கு பட்டியலாக வையுங்கள். நிறம் வேண்டுமென்றால் கண்டிஷனல் ஃபார்மேட்டிங் அந்தச் சொல்லைப் பார்த்துக் கட்டத்துக்கு வண்ணம் பூசிவிடும். எமோஜி வைத்தே தீர வேண்டுமா? சொல்லுக்குப் பின்னால் ஒன்றே ஒன்று. முதலில் சொல், அப்புறம் எமோஜி. இதை இன்னும் எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதுவேன்.

வேடிக்கையாக ஒரு முகம் அனுப்பினேன், நண்பர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். ஒரே எமோஜிக்கு இரண்டு பொருளா?

அவர் பார்த்த முகம் வேறாக இருந்திருக்கலாம். எண் ஒன்றுதான், ஆனால் ஒவ்வொரு நிறுவனமும் தன் படத்தைத் தானே வரைகிறது. கண்ணும் சிரிக்க, பல் தெரியச் சிரிக்கும் முகம் 2016 வரை ஐபோனில் பல்லைக் கடித்துக்கொண்டு சங்கடப்படுவது போல இருந்தது. ஆப்பிள் 2016இல் துப்பாக்கியை விளையாட்டு நீர்த்துப்பாக்கியாக மாற்றியது. மற்றப் பெரிய நிறுவனங்கள் 2018இல்தான் மாற்றின. இடைப்பட்ட காலத்தில் ஐபோனிலிருந்து விளையாட்டாக அனுப்பியது அடுத்தவர் திரையில் நிஜத் துப்பாக்கியாகத் தெரிந்தது. ஒரே படத்தைக் காட்டினாலும் கருத்து ஒன்றுபடுவதில்லை. மினசோட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் சோதித்தபோது, அது நல்ல உணர்வா கெட்ட உணர்வா என்பதிலேயே சுமார் கால்வாசித் தடவை ஆட்கள் முரண்பட்டார்கள். நண்பரைக் கூப்பிட்டுப் பேசிவிடுங்கள். அடுத்த முறை, முதலில் சொல்.

விண்டோஸில் நாட்டுக் கொடிகள் இரண்டு ஆங்கில எழுத்துகளாக வருகின்றனவே?

கொடி என்பது நாட்டைக் குறிக்கும் இரண்டு சிறப்பு எழுத்துகளின் சேர்க்கை. விண்டோஸின் எழுத்துருவில் நாட்டுக் கொடிகள் இல்லை, அதனால் எழுத்துகள் அப்படியே தெரிகின்றன. ஃபயர்ஃபாக்ஸ் தன் சொந்த எமோஜி எழுத்துருவுடன் வருவதால் அதில் கொடி தெரியும்.

ஆங்கிலக் குறுஞ்செய்தியில் ஒரே ஓர் எமோஜி சேர்த்தேன், இரண்டு செய்தியாகக் கணக்காகிவிட்டது.

ஆங்கிலம் மட்டும் என்றால் ஒரு செய்திக்கு 160 எழுத்து. எமோஜி ஒன்று நுழைந்தாலும் முழுச் செய்தியும் வேறு குறியாக்கத்துக்கு மாறி 70 ஆகிவிடும், எமோஜியே அதில் இரண்டு இடம் எடுக்கும். தமிழில் அனுப்புகிறவர்களுக்கு எப்போதுமே 70தான்.

மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தில் தமிழ் ஒழுங்காகச் சேமிக்கிறது. எமோஜி வந்தால் மட்டும் பிழை. யுடிஎஃப்8 என்றுதான் வைத்திருக்கிறேன். (நிரலாளர்)

பழைய மைஎஸ்கியூஎல்லில் ‘யுடிஎஃப்8’ என்பது எழுத்துக்கு மூன்று பைட்டு (கணினிச் சேமிப்பின் சிறிய அலகு) வரைதான் ஏற்கும். தமிழ் எழுத்துகள் மூன்று பைட்டுக்குள் அடங்கும், அதனால்தான் குறை இத்தனை நாள் உங்கள் கண்ணில் படவில்லை. எமோஜிகளில் பெரும்பாலானவற்றுக்கு நான்கு பைட்டு வேண்டும். பிழை காட்டியதற்குச் சந்தோஷப்படுங்கள். கண்டிப்பு முறை (ஸ்ட்ரிக்ட் மோட்) அணைக்கப்பட்டிருந்தால், எமோஜியிலிருந்து பின்னால் உள்ள உரை முழுவதையும் வெட்டிவிட்டுச் சேமித்திருக்கும். ‘யுடிஎஃப்8எம்பி4’க்கு மாறுங்கள், 2010இலிருந்தே இருக்கிறது. அட்டவணையை மட்டும் மாற்றினால் போதாது, நெடுவரிசையையும் இணைப்பையும் மாற்ற வேண்டும். பழைய பதிப்பென்றால் 255 எழுத்து நெடுவரிசைகளின் இன்டெக்ஸ் தகராறு செய்யும், 191க்குள் அடக்க வேண்டியிருக்கும். எல்லாவற்றுக்கும் முன் காப்புநகல்.

குடும்ப எமோஜியை அழித்தால் ஒவ்வோர் ஆளாகப் போகிறார்கள். பிழையா?

இல்லை. அப்பா, அம்மா, மகள், மகன் நான்கு எமோஜிகளை, கண்ணுக்குத் தெரியாத மூன்று இணைப்புக்குறிகள் கோத்திருக்கின்றன. மொத்தம் ஏழு குறிகள். சில மென்பொருள் ஒரே தட்டில் அழிக்கும், சில ஒவ்வொன்றாக. ‘கொ’வில் பின்னழித்தால் ‘க’ மிஞ்சுகிறதே, அதே கதைதான்.

சிவப்பு இதயம் சில இடங்களில் கருப்பாகத் தெரிகிறது. (இல்லத்தரசி)

அந்த இதயம் எமோஜிகளுக்கு முன்பே, 1990களின் தொடக்கத்திலிருந்தே யூனிகோடில் கருப்புச் சின்னமாக இருந்தது. வண்ணத்தில் காட்டு என்று சொல்ல அதன் பின்னால் ஒரு மறைகுறி வர வேண்டும். அதை விட்டுவிட்டாலோ, மென்பொருள் மதிக்காவிட்டாலோ கருப்புதான்.

கடவுச்சொல்லில் எமோஜி வைத்தால் பாதுகாப்பு கூடுமா?

வைக்காதீர்கள். கணினியின் நுழைவுத் திரையில் எமோஜிப் பலகை திறக்காவிட்டால் வெளியே நிற்பது நீங்கள்தான். நீளமான கடவுச்சொல் போதும்.

நாட்காட்டி எமோஜியில் ஏன் ஜூலை 17?

ஆப்பிளின் ஐகேல் நாட்காட்டி 2002 ஜூலை 17இல் அறிவிக்கப்பட்டது. அந்தத் தேதியைப் படத்தில் போட்டார்கள். 2014 முதல் அதே நாள் உலக எமோஜி நாளாகவும் கொண்டாடப்படுகிறது.

புதிய எமோஜி ஒன்றைப் பரிந்துரைக்க முடியுமா? (பள்ளி மாணவன்)

யார் வேண்டுமானாலும் யூனிகோடு கூட்டமைப்புக்கு விண்ணப்பிக்கலாம் தம்பி. வணிகச் சின்னம், தனிமனிதர், தெய்வம், புதிய கொடி ஆகியவற்றை ஏற்கமாட்டார்கள். பலரும் பயன்படுத்துவார்கள் என்பதற்குச் சான்று கேட்பார்கள். ஏற்றாலும் போன்களில் வர இரண்டு ஆண்டு போலாகும். ஒரு தடவை சேர்ந்த எழுத்தை யூனிகோடு நீக்குவதே இல்லை, ஆகவே சான்றை அவசரமில்லாமல் தயார் செய்.

வைஃபை பெயரில் எமோஜி வைக்கலாமா?

வைக்கலாம். பெயருக்கு மொத்தம் 32 பைட்டுதான், எமோஜிக்கு நான்கு வீதம் எட்டோடு தீர்ந்துவிடும். பழைய பிரிண்டர் போன்ற கருவிகளில் அந்தப் பெயர் குழம்பலாய்த் தெரியலாம், இணைக்கத் திண்டாடுவீர்கள். அப்படி ஒன்று வீட்டில் இருந்தால் ஆங்கில எழுத்தும் எண்ணும் கொண்ட பெயரே வையுங்கள்.