பர்மாவில் ஆறுமணிக்குருவி உண்டா?

தமிழ்நாட்டில் ஆறுமணிக்குருவி என்கிற அந்த வண்ணப் பறவை பர்மாவிலும் இருக்கிறதா, காட்டில் அது என்னதான் செய்கிறது, ஏன் கண்ணிலேயே படுவதில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். அதே பறவை இங்கே கிடையாது. ஆனால் அதன் பங்காளி ஒன்று உண்டு, நீலச்சிறகு பிட்டா. நான் பர்மாவின் தென்கிழக்கில் இருக்கும் மோல்மீன்காரன். முடோன் பக்கம் மாமாவுக்கு ரப்பரும் ரம்புட்டானும் கலந்த ஒரு தோட்டம் இருந்தது. எங்களுக்குப் பள்ளி விடுமுறை கோடையில் என்பதால் ஏப்ரல், மே முழுக்க அங்கேதான் கிடப்போம். நான் சொல்வதில் பாதி அங்கே பார்த்தது, மீதி பின்னால் படித்துத் தெரிந்துகொண்டது.

ஆறுமணிக்குருவி உங்களுக்குக் குளிர்கால விருந்தாளி. வடக்கே குஞ்சு பொரித்துவிட்டு ஐப்பசி வாக்கில் தெற்கே வந்து காலையும் மாலையும் ஆறு மணி சுமாருக்குக் கூவும், பெயரும் அதனால்தான். எங்களுடையது நேர் எதிர், மழைக்கால ஆள். ஏப்ரலில் வரும் திஞ்சான் தண்ணீர்த் திருவிழா முடிந்து முதல் மழை விழுகிற சமயத்தில் மலேசியா, சுமத்ரா பக்கமிருந்து வந்து இங்கே கூடு கட்டும், மழை ஓய்ந்ததும் கிளம்பிவிடும். ஆக, உங்கள் ஊரில் கூவல் தொடங்கும்போது எங்கள் தோட்டம் அடங்கிப் போயிருக்கும்.

'பிட்டா' என்பது ஏதோ லத்தீன் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். தெலுங்கு! பக்கத்து வீட்டுத் தெலுங்குக்கார அம்மா சிட்டுக்குருவியில் தொடங்கி எல்லாச் சின்னப் பறவையையும் 'பிட்ட' என்றுதான் சொல்லும், அந்தச் சொல்லைத்தான் வெள்ளைக்காரன் எடுத்து ஆசியா, ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா பக்கம் உள்ள ஒரு பறவைக் குடும்பத்துக்கே வைத்துவிட்டான்.

சரி, ஏன் கண்ணில் படுவதில்லை? பறவை பார்க்கப் போகிறவர்கள் அண்ணாந்து பார்ப்பார்கள், இது தரையில் நடமாடுகிற பறவை. முதுகு பச்சை, சிறகு பளீர் நீலம், நெஞ்சும் வயிறும் சந்தன நிறம், வாலுக்கு அடியில் குங்குமச் சிவப்பு, கண்ணைச் சுற்றிக் கரி பூசின மாதிரி ஒரு பட்டை. இத்தனை இருந்தும் நமக்கு முதுகைக் காட்டி நிழலில் நின்றுவிட்டால் இலையோடு இலைதான். வால் அவ்வளவு குட்டை, வெட்டிவிட்டார்களோ என்று தோன்றும்.

ஒரு நாள் மழைக்கு ரப்பர்ப் பால் உறைய வைக்கிற கொட்டகையில் ஒதுங்கி, காலில் ஒட்டிய அட்டையைப் பிடுங்கிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் முதல்முறை நன்றாகப் பார்த்தேன். நாலடி தத்தும், நிற்கும். அந்த நிற்பு அரை நிமிஷம்கூட இருக்கும். அப்புறம் தலையைச் சாய்த்து, ஈர இலை ஒன்றை அலகால் புரட்டிப் போட்டு, மண்புழுவைப் பிடித்து இழுத்தது. புழு ரப்பர் பேண்ட் மாதிரி நீண்டு நீண்டு, பட்டென்று விடுபட்டதும் பறவை ஒரு அடி பின்னால் சாய்ந்தது. நான் சிரித்துவிட்டேன். அவ்வளவுதான், சிறகில் ஒரு வெள்ளைத் திட்டு மின்னி, ஆளைக் காணோம்.

புழு, பூச்சி, நத்தை, இவைதான் சாப்பாடு. பிட்டாக்களில் சில நத்தையைக் கல்லில் அடித்து ஓட்டை உடைத்துத் தின்னும். கூடு தரையிலோ மரத்தின் வேர் இடுக்கிலோ, குச்சியும் இலையும் சேர்த்து உருண்டையாக, பக்கத்தில் ஒரு வாசல் வைத்து இருக்கும். நாலைந்து முட்டை. குஞ்சு வெளியே வந்தபின் தாயும் தகப்பனும் அலகு கொள்ளாமல் புழுவைக் கவ்விக்கொண்டு போவது பெரிய மீசை வைத்த மாதிரி இருக்கும்.

பாட்டுப் பறவையா என்றால், குரல் நன்றாக இருக்கும், கணீரென்ற இரட்டை விசில், ஆனால் பறவை நூல்காரர்கள் கணக்கில் இது அசல் பாடும் பறவைகளோடு சேராது. அவை பெரியவர்களிடம் கேட்டுப் பழகிப் பாடும், இதற்குப் பாட்டு பிறப்பிலேயே வருகிறது என்கிறார்கள்.

ஒரு தப்பும் செய்திருக்கிறேன். எனக்குப் பன்னிரண்டு வயது இருக்கும், விடிகாலையில் திண்ணை விளக்கின் அடியில் இது ஒன்று மயங்கிக் கிடந்தது. எடுத்துக் கோழிப் பஞ்சாரத்தில் கவிழ்த்துக் குருணையும் தண்ணீரும் வைத்தேன். நாள் முழுக்க அசையவே இல்லை, குருணையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "புழு தின்கிறதுக்குச் சோறு வச்சிருக்கியேடா, கிறுக்கா" என்று பாட்டி பஞ்சாரத்தைத் தூக்கிவிட்டாள். தத்தித் தத்திப் புதருக்குள் போயிற்று, பிழைத்ததா தெரியாது. திண்ணைக்கு எப்படி வந்தது என்பது வெகுநாள் கழித்துத்தான் விளங்கியது. இவை இடம்பெயர்வது ராத்திரியில், வெளிச்சம் இவற்றைத் திசை தப்ப வைக்கும். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் தம்பி போன வருஷம் தன் அடுக்குமாடிக்குக் கீழே செத்துக் கிடந்த ஒன்றைப் படம் எடுத்து "இது உன் தோட்டத்துப் பறவைதானே" என்று அனுப்பினான். அதேதான். அங்கே கட்டடத்தில் மோதிச் சாகிற வலசைப் பறவைகளில் பிட்டாக்கள் நிறைய.

பர்மாவுக்கென்று பேர் சொல்ல இன்னொரு பிட்டாவும் இருக்கிறது, தெற்குக் கோடியில், தனிந்தாரியில். கர்னி பிட்டா. ஆணுக்கு நீல உச்சந்தலை, கறுப்பு நெஞ்சு, மஞ்சள் விலா. 1875-ல் இதற்குப் பெயர் வைத்தவர் நம் காங்கிரஸ் கட்சியைத் தொடங்கிய அதே ஹியூம். பல பத்தாண்டு யார் கண்ணிலும் படாமல், அழிந்தே போயிற்று என்று நினைத்திருக்க, 1986-ல் தாய்லாந்திலும் 2003-ல் பர்மாவிலும் திரும்பக் கிடைத்தது. தாழ்வான சமவெளிக் காடு இதற்குக் கட்டாயம், மலை ஏறாது. பாமாயில் தோட்டத்துக்கு வெட்டுவதும் அதே காட்டைத்தான். நீலச்சிறகு பிட்டா எங்கள் ரம்புட்டான் தோட்டத்திலும் சமாளித்துக்கொள்கிறது, கர்னி பிட்டாவால் அது முடியவில்லை. நான் இதைப் பார்த்ததில்லை.

நீலச்சிறகைப் பார்க்கவேண்டும் என்றால் மே கடைசியில் வாருங்கள், மூங்கில் புதர் ஓரமாக, மழை விட்ட அரை மணிக்குள். விசில் கேட்டால் அதை நோக்கி நடக்காதீர்கள், இருக்கிற இடத்திலேயே குத்துக்காலிட்டு உட்காருங்கள். காலுறைக்குள் புகையிலைத் தண்ணீர் தெளித்துக்கொள்ளுங்கள், அட்டைக்கு.