திறமூலம் என்ற சொல் யாருக்குச் சொந்தம்?

கேள்வி: ஒரு மென்பொருளின் மூலநிரலை யாரும் படிக்கலாம், திருத்தலாம், ஆனால் அதைக் கொண்டு போட்டிச் சேவை நடத்தக் கூடாது என்கிறது அதன் உரிமம். அந்த நிறுவனமோ அதைத் திறமூலம் என்றே விளம்பரப்படுத்துகிறது. இது சரியா? சரியா தவறா என்று சொல்லும் அதிகாரம் யாருக்கு இருக்கிறது?

பதில்: சரியில்லை என்பதே என் கருத்து. அதிகாரம் பற்றிய கேள்விக்குத்தான் விரிவான விடை வேண்டும்.

நெட்ஸ்கேப் தன் உலாவியின் மூலநிரலை வெளியிடப்போவதாக அறிவித்த சில நாள்களில், 1998 பிப்ரவரியில், நாம் திறமூலம் என்று சொல்லும் 'ஓப்பன் சோர்ஸ்' என்ற பெயரைக் கிறிஸ்டின் பீட்டர்சன் முன்மொழிந்தார். 'ஃப்ரீ சாஃப்ட்வேர்' என்பதைப் பலரும் இலவச மென்பொருள் என்றே புரிந்துகொண்டதால் புதுப்பெயர் தேவைப்பட்டது. ('கட்டற்ற மென்பொருள்' என்று தமிழில் சொல்லும் நமக்கு அந்தக் குழப்பம் இல்லை.) அதே மாதத்தில் எரிக் ரேமண்டும் புரூஸ் பெரென்சும் ஓப்பன் சோர்ஸ் இனிஷியேட்டிவ் அமைப்பைத் தொடங்கினார்கள். லினக்ஸ் இயங்குதளம் ஒன்றை உருவாக்கும் டெபியன் திட்டம் 1997இல் ஏற்றுக்கொண்ட நெறிமுறைகளிலிருந்து உருவானதே அவ்வமைப்பின் வரையறை. இன்று 10 நிபந்தனைகள் கொண்ட அந்த வரையறையின் 6ஆவது நிபந்தனை, மென்பொருளை எந்தத் துறையில் பயன்படுத்துவதையும் உரிமம் தடுக்கக் கூடாது என்கிறது. நீங்கள் குறிப்பிடும் உரிமம் இடறுவது இங்கேதான்.

இச்சொல்லை வணிகக்குறியாகப் பதிவு செய்ய அவ்வமைப்பு எடுத்த முயற்சி, அது பொருளை விவரிக்கும் பொதுச்சொல் என்பதால் கைகூடவில்லை. எனவே சட்டப்படி அதற்கு உரிமையாளர் எவரும் இல்லை. அதற்காக அதை எவரும் எப்படியும் பயன்படுத்தலாம் என்று ஆகிவிடாது. நியோ4ஜே மென்பொருளின் உரிமத்தில் இருந்த வணிகத் தடை விதியைத் தாமாகவே நீக்கிவிட்டு, தம் பதிப்பைக் கட்டற்ற, திறமூல மென்பொருள் என்று விளம்பரம் செய்தவர்களுக்கு எதிரான தடையுத்தரவை, அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று 2022இல் உறுதி செய்தது. வழக்கு அந்த விதி நீக்கப்பட்டதைச் சுற்றியே நடந்தது. சொல்லை எவருக்கும் நீதிமன்றம் பட்டா போட்டுக் கொடுத்துவிடவில்லை.

ஆகவே, இந்த அதிகாரம் வழக்காற்றிலிருந்து வருவது. மோங்கோடிபி என்ற தரவுத்தள நிறுவனம் 2018இல் தன் புதிய உரிமத்தை எழுதியபோது ஓப்பன் சோர்ஸ் இனிஷியேட்டிவிடம்தான் ஒப்புதல் கேட்டது. எதிர்ப்பு வலுத்ததும் 2019இல் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றது. அதற்கிடையே ஃபெடோரா போன்ற லினக்ஸ் வழங்கல்களும் அவ்வுரிமத்தை ஏற்க மறுத்துவிட்டன. என்னைக் கேட்டால், எந்த வரையறை ஆவணத்தையும்விட இந்த மறுப்புக்கே வலு அதிகம்.

நீங்கள் குறிப்பிடும் நிறுவனம் தன் மென்பொருளை 'மூலநிரல் பார்வைக்குக் கிடைக்கும் மென்பொருள்' என்று அழைத்துக்கொள்ளலாம். அதில் எவருக்கும் ஆட்சேபம் இருக்காது.