தாடையில் இரண்டு கட்டிகள்: எடுத்தால் மட்டும் போதுமா?

கேள்வி: என் மகனுக்கு 11 வயது. கடைவாய்ப்பல் முளைக்கவில்லை என்று ஓபிஜி (இரண்டு தாடைகளையும் ஒரே படத்தில் காட்டும்) எக்ஸ்ரே எடுத்ததில் கீழ்த்தாடையின் இரண்டு பக்கமும் கட்டி தெரிந்தது. பயாப்ஸியில் கெரட்டோசிஸ்ட் என்று வந்திருக்கிறது. கணவருக்கும் சிறுவயதில் தாடைக் கட்டி எடுத்திருக்கிறார்கள். மருத்துவர் கோர்லின் சிண்ட்ரோம் என்று சந்தேகப்பட்டு மரபணு சோதனை எடுக்கச் சொல்கிறார். அவசியமா? 2 வயது மகளையும் பார்க்க வேண்டுமா?

பதில்: இரண்டுமே அவசியம். ஒரே ஒரு கெரட்டோசிஸ்ட், அதாவது தாடை எலும்புக்குள் வரும் புற்று அல்லாத நீர்க்கட்டி, யாருக்கும் வரலாம். இந்த வயதில், இரண்டு பக்கமும், அப்பாவுக்கும் என்றால், தாடைக் கட்டிகளும் தோல் புற்றுகளும் வரவைக்கும் பரம்பரை நோயான கோர்லினைத்தான் முதலில் நினைக்க வேண்டும். நம்மைப் போன்ற கருத்த சருமத்தில் இந்த நோயின் தோல் புற்றுகள் குறைவு, வந்தாலும் தாமதமாக வரும். அதனால் தாடைதான் பெரும்பாலும் முதலில் காட்டிக்கொடுக்கிறது.

வீட்டிலேயே ஒன்று பார்க்கலாம். மகனும் கணவரும் கைகளை வெதுவெதுப்பான நீரில் 10 நிமிடம் ஊறவைக்கட்டும். உள்ளங்கையில் 1-2 மில்லிமீட்டர் குழிகள் தெரிந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். தெரியாவிட்டால் நோய் இல்லை என்று அர்த்தமில்லை.

இனி அறுவை சிகிச்சை. இந்தக் கட்டியின் உட்சுவர் மெல்லியது, உரிக்கும்போதே கிழியும்; சுவருக்குள் குட்டிக் கட்டிகளும் ஒளிந்திருக்கும். மறுபடி வருவதற்கு இவைதான் காரணம். சுரண்டி எடுத்த பிறகு சுற்றியுள்ள எலும்பையும் லேசாகச் செதுக்குவது அதனால்தான். ஆனால் உங்கள் மகனுக்கு முளைக்காத பற்கள் உள்ளே இருக்கின்றன. கட்டி பெரிதாக இருந்தால், முதலில் சிறு துளையிட்டுக் குழாய் வைத்துச் சுருங்க விட்டு, பல மாதம் கழித்து எடுக்கும் முறையை அறுவை மருத்துவரிடம் கேளுங்கள். பல்லைக் காப்பாற்ற வாய்ப்பு அதில் கூடுதல். அவர் காட்டித்தரும் முறையில் குழாய் வழியாகத் தினமும் சலைன் செலுத்திக் கழுவுவது உங்கள் பொறுப்பு. சோறு அடைத்துக்கொண்டாலோ குழாய் கழன்றாலோ அன்றே போய்க் காட்டுங்கள். துளை சீக்கிரம் மூடிக்கொள்ளும். ஆரம்பித்துவிட்டுக் கழுவாமல் விடுவதைவிட ஆரம்பிக்காமலிருப்பது மேல்.

கதிர்வீச்சில் கண்டிப்பாக இருங்கள். கோர்லின் உள்ளவர்களுக்குக் கதிர்வீச்சு சிகிச்சை கொடுத்தால், கொடுத்த இடத்தில் தோல் புற்றுகள் கொத்தாகக் கிளம்பும். எக்ஸ்ரே, சிடி இரண்டையும் தேவைக்கு மட்டும் எடுங்கள்; ஏற்கெனவே எடுத்த படங்களைத் தூக்கிப்போடாதீர்கள். வெயிலில் தொப்பியும் சன்ஸ்கிரீனும் வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறையாவது தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

மகளின் சோதனையை நான் தள்ளிப்போடச் சொல்ல மாட்டேன். கணவருக்கு இந்த நோய் இருந்தால் ஒவ்வொரு குழந்தைக்கும் வர 50 சதவீத வாய்ப்பு. இந்த நோய்க்குக் காரணமான மாற்றம் இருக்கும் இரண்டு மரபணுக்கள் முக்கியம்: பிடிசிஎச்1, சுஃபு. மெடுல்லோபிளாஸ்டோமா என்ற மூளைக்கட்டி குழந்தைக்கு வரும் அபாயம் முதலாவதில் 2 சதவீதத்துக்கும் கீழே. இரண்டாவதில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று. பெரும்பாலும் 3 வயதுக்குள் வந்துவிடும். சுஃபு வகையில் தாடைக் கட்டி மிக அரிது என்பதால் உங்கள் குடும்பத்தில் பிடிசிஎச்1 ஆக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஆனாலும் ஊகத்தை நம்பி விட்டுவிடக் கூடாது.

முதலில் மகனின் ரத்தத்தைச் சோதியுங்கள். மாற்றம் எதுவென்று தெரிந்தபின் மகளிடம் அதை மட்டும் தேடினால் போதும், செலவும் குறையும். அவளுக்கு இல்லையென்றால் கவலையில்லை. இருந்தால், 8 வயதிலிருந்து 12-18 மாதங்களுக்கு ஒருமுறை ஓபிஜி எடுக்க வேண்டும். சுஃபு என்றால் மூளைக்கு எம்ஆர்ஐ கண்காணிப்பை உடனே தொடங்க வேண்டும்.