தசை இறுக்கத்துக்குக் குளிசை: நேரத்துக்கு எடுப்பதா, நோ வரும்போது எடுப்பதா? உங்கள் கேள்விகளும் பதில்களும்

பாரிசவாதம், முள்ளந்தண்டுக் காயம், எம்.எஸ். (மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு வருத்தம்) போன்றவற்றுக்குப் பிறகு கை கால் இறுகி இழுக்கும் ஆட்களுக்கும் அவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கும்தான் இது. நான் வெள்ளவத்தையில் பாமசிஸ்ட்டாக வேலை செய்கிறேன். என் அண்ணாவும் முள்ளந்தண்டு அடிபட்டு சக்கர நாற்காலியில் இருப்பவர், அதனால் இந்தக் குளிசைகளை கடையிலும் பார்க்கிறேன், வீட்டிலும் பார்க்கிறேன். நான் டொக்டர் இல்லை. உங்கள் அளவை மாற்றுவது கிளினிக்கில்தான் நடக்க வேண்டும், அங்கே என்ன கேட்க வேண்டும் என்பதை என்னால் சொல்ல முடியும்.

கொட்டாஞ்சேனையில் இருந்து ஒரு அக்கா: கணவருக்கு பாரிசவாதம் வந்த பிறகு பக்லோஃபென் 10 மில்லிகிராம் மூன்று நேரம் எழுதித் தந்தார்கள். "எடுத்தால் பழகிவிடும்" என்று சொல்லி கால் மோசமாக இழுக்கும் நாட்களில் மட்டும் போடுகிறார். போட்டால் நாள் முழுக்க தூக்கம், குறைந்ததாகவும் தெரியவில்லை என்கிறார். அவர் செய்வது சரியா?

இல்லை அக்கா. பக்லோஃபென் முள்ளந்தண்டு நரம்பில் வேலை செய்து, தசைக்குப் போகும் "இறுகு, இறுகு" என்ற கட்டளையைக் குறைக்கிறது. குடித்து ஒன்று, ஒன்றரை மணித்தியாலத்தில் இரத்தத்தில் உச்சத்துக்கு வரும், மூன்று நான்கு மணித்தியாலத்தில் பாதியாகிவிடும். அதனால்தான் மூன்று நேரமாகப் பிரித்துக் கொடுக்கிறார்கள். சாதாரணமாக 5 மில்லிகிராமில் தொடங்கி சில நாட்களுக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவதும் ஒரு காரணத்தோடுதான்: முதல் நாட்களில் வரும் தூக்கமும் தலைச்சுற்றும் உடம்பு பழகப் பழகக் குறையும். இடையிடையே போடுகிறவருக்கு அந்தப் பழக்கம் வருவதே இல்லை. ஒவ்வொரு முறையும் முதல் நாள் தூக்கம்தான் கிடைக்கும், இறுக்கம் குறைகிற பலன் கிடைக்காது. உங்கள் கணவர் சொல்வது அப்படியே இதுதான்.

பழகிவிடும் என்ற பயத்தைப் பற்றி. இது மனம் தேடி அலைகிற பழக்கம் இல்லை. ஆனால் தொடர்ந்து எடுக்கிற உடம்பு மருந்து இருப்பதை எதிர்பார்க்கத் தொடங்கும், அதனால் திடீரென்று நிறுத்தினால் இறுக்கம் முன்பைவிட மோசமாகத் திரும்பும், இல்லாத உருவங்கள் கண்ணுக்குத் தெரியும், குழப்பம், காய்ச்சல், வலிப்புகூட வரலாம். நிறுத்த வேண்டுமென்றால் டொக்டர் சொல்லும் கணக்கில் ஒன்றிரண்டு கிழமையோ அதற்கு மேலோ எடுத்துப் படிப்படியாகக் குறைத்தால் சரி. இவர் இப்போது ஒழுங்காக எடுக்காததால், நாளைக்கே 10 மில்லிகிராம் மூன்று நேரம் என்று தொடங்கவும் வேண்டாம். கிளினிக்கில் "இவ்வளவு நாளும் இப்படித்தான் எடுத்தார்" என்று உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள், குறைந்த அளவில் இருந்து ஆரம்பிக்கச் சொல்வார்கள். திட்டுவார்களோ என்று பயந்து மறைத்தால் டொக்டர் இந்த அளவு போதாது என்று நினைத்து இன்னும் கூட்டி எழுதுவார்.

மட்டக்குளியில் இருந்து ஒரு தம்பி: எனக்கு முள்ளந்தண்டுக் காயம். பகலில் பெரிய பிரச்சினை இல்லை, பின்னேரம் த்ரீவீலில் ஏறி இறங்கும்போதும் இரவில் படுக்கும்போதும்தான் கால் துள்ளுகிறது. நானும் மூன்று நேரம் போட வேண்டுமா?

கட்டாயம் இல்லை தம்பி. இறுக்கம் நாள் முழுக்க இருந்தால் ஒழுங்கான நேர மருந்து, குறிப்பிட்ட நேரத்தில் மட்டும் வந்தால் அந்த நேரத்தைப் பார்த்து மருந்து, இப்படித்தான் யோசிக்க வேண்டும். டிசானிடின் என்ற குளிசை இந்த இரண்டாவது வகைக்குப் பொருந்தும், ஏனென்றால் ஒன்றிரண்டு மணித்தியாலத்தில் உச்சத்துக்கு வந்து மூன்றிலிருந்து ஆறு மணித்தியாலத்துக்குள் போய்விடும். வெளியே கிளம்ப முன்போ படுக்க முன்போ ஒன்று என்று டொக்டர் எழுதலாம். சிலருக்கு பக்லோஃபெனையே இரவில் ஒரு நேரம் மட்டும் கொடுக்கிறார்கள். "தேவைப்படும்போது" என்று எழுதினாலும் ஒரு நாளைக்கு எத்தனை, இடைவெளி எவ்வளவு என்று கேட்டு துண்டில் எழுதி வாங்குங்கள். கால் துள்ளத் தொடங்கிய பிறகு போட்டால் அது வேலை செய்ய முன்பே நீங்கள் வீட்டுக்கு வந்துவிடுவீர்கள், ஆகவே நேரத்தை முன்கூட்டிக் கணக்குப் பாருங்கள். சாப்பாட்டோடு எடுப்பதா வெறும் வயிற்றில் எடுப்பதா என்பதையும் தினமும் ஒரே மாதிரி வையுங்கள், டிசானிடின் உடம்பில் சேரும் அளவு அதனால் மாறும்.

இன்னொன்றையும் பாருங்கள். கட்டிலில் இருந்து நாற்காலிக்கு மாறும்போது அந்த இறுக்கத்தில்தான் நீங்கள் காலை ஊன்றுகிறீர்களா? அப்படியென்றால் முழுதாக இல்லாமல் செய்தால் விழுவீர்கள். என் அண்ணாவுக்கு இதனால்தான் பகல் அளவு குறைவு, இரவு அளவு கூட. உங்களுக்கு எது என்று பிசியோவோடு சேர்ந்து பார்த்து முடிவு செய்யுங்கள்.

தெஹிவளையில் இருந்து ஒருவர்: அம்மாவுக்கு எம்.எஸ்., நீண்ட நாளாக டிசானிடின் எடுக்கிறார். போன கிழமை இழுப்பு திடீரென்று கூடியது, சலம் போகும்போது எரிவும் இருந்தது. பக்கத்து டொக்டரிடம் காட்டி மருந்து எடுத்தோம், அடுத்த நாள் அம்மா பாத்ரூம் வாசலில் மயங்கி விழுந்துவிட்டார். இழுப்புக் கூடினபடியால் டிசானிடினைக் கூட்டலாமா?

தயவுசெய்து கூட்ட வேண்டாம். முதலில் அந்த டொக்டர் தந்த குளிசைப் பட்டையை எடுத்துப் பெயரைப் பாருங்கள். சிப்ரோஃப்ளொக்சசின் என்று இருந்தால் இன்றைக்கே அவருக்கோ கிளினிக்குக்கோ சொல்லுங்கள். சலத் தொற்றுக்கு நிறையப் பேருக்கு எழுதுகிற மருந்து அது. ஆனால் டிசானிடினை உடைக்கிற ஈரல் நொதியை அது தடுத்துவிடும், இரத்தத்தில் டிசானிடினின் மொத்த அளவு சராசரியாக பத்து மடங்கு வரை போகும், பிரஷர் விழும், ஆளும் விழும். இந்த இரண்டையும் சேர்த்துக் கொடுக்கவே கூடாது. மனச்சோர்வுக்குக் கொடுக்கும் ஃப்ளுவொக்சமினும் அப்படித்தான். மயக்கம் திரும்ப வந்தாலோ எழுப்பக் கஷ்டமாக இருந்தாலோ 1990க்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம்.

இது எனக்கு மனதில் கிடந்து உறுத்துகிற விஷயம், ஏனென்றால் நம் ஊரில் இது நடப்பதற்கு எல்லா வசதியும் இருக்கிறது. நரம்புக்கு பெரிய ஆஸ்பத்திரி கிளினிக், காய்ச்சலுக்கும் சலத்துக்கும் தெருமுனை டொக்டர், பிரஷருக்கு வேறொருவர். ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரியாது. பக்கத்து டொக்டரிடம் தடிமனுக்குப் போனாலும் கிளினிக் கொப்பியைக் கையோடு கொண்டு போங்கள், கேட்காவிட்டாலும் மேசையில் விரித்து வையுங்கள்.

இழுப்பு திடீரென்று கூடினால் உடம்பில் எங்கோ ஒரு தொந்தரவு இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். சலத் தொற்று, மலச்சிக்கல், படுக்கைப் புண், உள்ளே வளர்ந்த கால் நகம், இறுக்கமான பெல்ட், பெரும்பாலும் இதில் ஏதாவது ஒன்று இருக்கும். உணர்ச்சி இல்லாத காலில் நகம் குத்தினால் வலி தெரியாது, கால் துள்ளித்தான் காட்டும். அதைச் சரிசெய்தால் பெரும்பாலும் பழைய அளவே போதும்.

பம்பலப்பிட்டியில் இருந்து ஒரு தங்கச்சி: அப்பாவுக்கு சீனி வருத்தம், கிட்னி பலவீனம். கால் இறுக்கத்துக்கு பக்லோஃபென் தொடங்கி மூன்றாம் நாளில் இருந்து நித்திரை, எழுப்பினால் சம்பந்தம் இல்லாமல் கதைக்கிறார். வயதால் வருவதா?

வயது என்று விடாதீர்கள், இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். பக்லோஃபெனின் பெரும் பகுதி கிட்னி வழியாகத்தான் வெளியே போகும். கிட்னி பலவீனமானவருக்கு சின்ன அளவும் தேங்கிவிடும். கிட்னி வருத்தம் இருப்பதையும் என்றைக்கு மருந்து தொடங்கியது என்பதையும் வாசலிலேயே சொல்லுங்கள்.

தெமட்டகொடையில் இருந்து ஒரு சகோதரி: வாப்பா மூன்று நேரம் பக்லோஃபென் எடுக்கிறவர். நோன்பு காலத்தில் பகல் குளிசையை விட்டுவிட்டு இஃப்தாருக்கு இரண்டாகச் சேர்த்துப் போடுகிறேன் என்கிறார்.

இரண்டாகச் சேர்த்துப் போடுவது வேண்டாம். வழமையாக எட்டு மணித்தியால இடைவெளியில் இருந்த உடம்புக்கு, விடிய முன் சாப்பிடும் ஸஹரில் இருந்து நோன்பு திறக்கும் இஃப்தார் வரை 13 மணித்தியாலத்துக்கு மேல் இடைவெளி விழும். பின்னேர அஸர் தொழுகைக்குப் பிறகு இறுக்கம் கூடும், இஃப்தாருக்கு இரட்டை அளவு போட்டால் இரவு தராவீஹ் தொழுகைக்கு எழும்பும்போது தலை சுற்றும். நோயாளிக்கு நோன்பில் சலுகை இருப்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியது இல்லை, ஆனால் வாப்பாவுக்கு நோன்பு எவ்வளவு பெரிய விஷயம் என்பதும் விளங்குகிறது. நோன்புக்கு முந்திய ஷஃபான் மாதத்திலேயே கிளினிக்குக்குப் போய்க் கேளுங்கள். இஃப்தார், படுக்கும் நேரம், ஸஹர் என்று பிரிக்கலாமா, அவருடைய அளவுக்கு அந்த நீண்ட இடைவெளி பாதுகாப்பா என்று டொக்டர் பார்த்துச் சொல்லட்டும். கூடுதலான அளவு எடுக்கிறவர் என்றால் வேண்டாம் என்றே சொல்லக்கூடும். மௌலவியிடமும் ஒருமுறை பேச வையுங்கள், சில வாப்பாமார் நம் பேச்சைவிட அவர் பேச்சைக் கேட்பார்கள்.

வத்தளையில் இருந்து ஒருவர்: எனக்கு இறுக்கத்தைவிட நோதான் பெரிது. ப்ரீகபலின் தந்திருக்கிறார்கள், கூடும்போது மட்டும் ஒன்று போட்டு மற்றபடி பனடோலில் சமாளிக்கிறேன்.

என்ன நோ என்று முதலில் பிரிக்க வேண்டும். எரிவு, ஊசி குத்துவது, கரண்ட் அடிப்பது போல என்றால் நரம்பு நோ. அதற்குக் கொடுக்கும் ப்ரீகபலின், கபாபென்டின், இரவில் கொடுக்கும் அமிட்ரிப்டிலின் எல்லாம் ஒழுங்காக எடுத்தால்தான், அதுவும் நாட்கள், கிழமைகள் போன பிறகுதான், பலன் தெரியும். நோ வந்த நேரம் ஒன்று போட்டு "இது கேட்கவில்லை" என்று தூக்கி வைப்பது மருந்துக்குச் செய்கிற அநியாயம். தொடர்ந்து எடுத்தால் இவற்றையும் சட்டென்று நிறுத்தக் கூடாது. தசை சுண்டி இழுக்கும்போது வரும் நோ இறுக்கம் குறைந்தால் குறையும். பாரிசவாதத்துக்குப் பிறகு தோள்மூட்டு நோவது இன்னொரு வகை, கையை சரியாகத் தாங்கி வைப்பதும் பிசியோவும்தான் அதற்கு முக்கியம், கையைப் பிடித்து இழுத்து எழுப்பவே கூடாது.

பனடோலை வேண்டும்போது எடுக்கலாம், ஆனால் 500 மில்லிகிராம் குளிசை 24 மணித்தியாலத்தில் எட்டைத் தாண்டக் கூடாது, மெலிந்தவர்களுக்கும் ஈரல் வருத்தம் உள்ளவர்களுக்கும் அதைவிடக் குறைவு. தடிமன் குளிசைக்குள்ளும் பனடோலில் உள்ள அதே பரசிட்டமோல் இருக்கலாம், அதையும் கணக்கில் சேருங்கள். டைக்ளோஃபெனாக் என்ற நோக் குளிசையை நீங்களே வாங்கி மாதக்கணக்கில் விழுங்க வேண்டாம், வயிறும் கிட்னியும் தாங்காது. ப்ரீகபலினோடு ட்ரமடோல், டயஸிபாம், சாராயம் எதுவும் சேர வேண்டாம், மூச்சே மந்தமாகலாம்.

விடிய எழும்பும்போதுதான் அப்பம்மாவின் கால் தடி மாதிரி இருக்கிறது, உடுப்பு மாற்றவே முடியவில்லை. என்ன செய்யலாம்?

காலைக் குளிசையை எழும்பிய பிறகு கொடுக்காமல், எழுப்ப முக்கால் மணித்தியாலம் முன்பே கொடுக்கலாமா என்று கேளுங்கள். அண்ணாவின் கட்டில் பக்கத்தில் இரவே ஒரு குளிசை, இரண்டு மாரி பிஸ்கட், மூடி போட்ட கப்பில் தண்ணீர் வைத்துவிடுவேன். நன்றாகச் சாய்த்து உட்கார வைத்துக் கொடுத்து, திரும்பப் படுக்க விட்டு, பிறகு காலை மெதுவாக நீட்டி மடக்கினால் காற்சட்டை போட லேசாக இருக்கும். அப்பம்மாவுக்கு விழுங்கக் கஷ்டம் இருந்தால் அதை முதலில் டொக்டரிடம் சொல்லுங்கள்.

அம்மாவின் ஒரு கை மட்டும் பொத்திக்கொண்டு விரிய மாட்டேன் என்கிறது. குளிசையைக் கூட்டிக் கேட்கலாமா?

ஒரு கைக்காக முழு உடம்பையும் தூங்க வைக்கத் தேவையில்லை. பொட்டுலினம் ஊசி பற்றிக் கேளுங்கள், அந்தத் தசைக்கு மட்டும் போடுவது, சில நாட்களில் இருந்து இரண்டு கிழமைக்குள் தெரியும், ஏறத்தாழ மூன்று மாதம் நிற்கும். அந்த மூன்று மாதமும் கையை நீட்டும் பயிற்சி செய்தால்தான் ஊசிக்குப் பிரயோசனம். தேசிய வைத்தியசாலையிலும் ராகமையிலும் புனர்வாழ்வுப் பிரிவு இருக்கிறது, அங்கே காட்டிக் கேட்கலாம்.

கிராண்ட்பாஸில் இருந்து ஒரு அண்ணா: கிளினிக்கில் மருந்து இல்லை, வெளியில் வாங்கச் சொல்லி எழுதித் தந்தார்கள். மாதக் கடைசி, கையில் காசு இல்லை. ஒரு கிழமை விட்டுப் பிடிக்கலாமா?

விடாதீர்கள் அண்ணா. பக்லோஃபெனைப் பற்றி மேலே சொன்னேன், டிசானிடினையும் கூடிய அளவில் எடுத்து சட்டென்று விட்டால் பிரஷர் ஏறும், நெஞ்சு படபடக்கும். முழு மாதத்துக்கும் வாங்க வேண்டியதில்லை, ஐந்து நாளைக்கு மட்டும் வெட்டித் தரச் சொல்லிக் கேளுங்கள், வெட்கப்பட ஒன்றும் இல்லை, தினமும் ஆட்கள் அப்படி வாங்குகிறார்கள். அரச மருந்துக் கடையான ஒசுசலவில் விலை கேளுங்கள். துண்டில் மருந்தின் பொதுப் பெயர் இருந்தால் மலிவான கம்பனியை எடுக்கலாம், மில்லிகிராம் மட்டும் அதேதானா என்று பாருங்கள். 2022இல் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது எத்தனையோ வீடுகளில் குளிசையைப் பாதியாக உடைத்து உடைத்து நாட்களை ஓட்டினார்கள். உண்மையிலேயே எங்கும் கிடைக்காத நிலை வந்தால் கடைசிக் குளிசை வரை காத்திராமல், கையில் பத்து நாளைக்கு இருக்கும்போதே கிளினிக்கில் சொல்லுங்கள், இருக்கிறதை வைத்து எப்படிக் குறைப்பது என்று கணக்குப் போட்டுத் தர முடியும்.

ஒரு நேரம் மறந்துவிட்டால்?

நினைவு வந்தவுடன் போடலாம், அடுத்த நேரம் கிட்டிவிட்டால் விட்டுவிடுங்கள். இரண்டு சேர்த்துப் போட வேண்டாம். ஒன்றை மறந்ததால் ஒன்றும் ஆகாது, இரண்டு மூன்று நாள் தொடர்ந்து விட்டால்தான் டொக்டரைக் கேட்காமல் பழைய அளவில் தொடங்கக் கூடாது.

எண்ணெய் பூசி சூடு ஒத்தடம் கொடுக்கலாமா?

எண்ணெய் தடவி மெதுவாக உருவிவிடலாம். சூட்டில் கவனம், உணர்ச்சி குறைந்த காலில் கொப்புளம் போட்ட பிறகுதான் தெரியும். சுடுதண்ணீர்ப் போத்தலை நேரே வைக்க வேண்டாம். எம்.எஸ். உள்ளவர்களுக்கு சூடு பொதுவாகவே ஒத்து வராது, பங்குனி சித்திரை வெக்கையில் அவர்கள் தளர்ந்து போவதும் அதனால்தான்.

எனக்கு பாரிசவாதம் ஒன்றும் இல்லை, பாரம் தூக்கி நாரி பிடித்துவிட்டது. வீட்டில் மாமாவின் பக்லோஃபென் இருக்கிறது, ஒன்று போடலாமா?

வேண்டாம். அது மாமாவுக்கு எழுதியது, உங்கள் நாரிப் பிடிப்பு வேறு. நாரி பெரும்பாலும் சில கிழமைகளில் தானாகவே ஆறும், படுத்தே கிடக்காமல் முடிந்த அளவு நடமாடுங்கள். காலில் பலம் குறைந்தாலோ சலம் அடைத்தாலோ மறைவிடத்தில் விறைத்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.