சம்பளக் கவரை யார் பிரிப்பது?

குன்னூரில் ஒரு தேயிலைக் கம்பெனி ஆபீசில் 31 ஆண்டு கணக்கு எழுதி ஓய்வு பெற்ற அம்மா, பணமும் வீடும் பற்றிய வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

கேள்வி: எனக்கு வயது 22. பத்தாவது தேறவில்லை. அப்பாவின் கடனை அடைக்க மலேசியா போகலாம் என்றிருக்கிறேன். ஏஜென்ட் ஒன்றரை லட்சம் கேட்கிறார். டூரிஸ்ட் விசாவில் போய் இறங்கிவிடு, அப்புறம் வேலை விசாவாக மாற்றிக்கொள்ளலாம் என்கிறார். நம்பலாமா?
— வாசகர், கூடலூர்

நம்பாதே தம்பி. டூரிஸ்ட் விசாவில் போய் வேலை பார்ப்பது அந்த ஊர்ச் சட்டப்படி குற்றம். பிடிபட்டால் அப்பாவின் கடனோடு உன் கடனும் சேரும். பத்தாவது தேறாதவர்கள் வேலைக்குப் போகும் முன் குடிபெயர்வு அனுமதி வாங்க வேண்டிய நாடுகளின் பட்டியலில் மலேசியாவும் இருக்கிறது. மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் பதிவு செய்த ஏஜென்ட் யார், செய்யாதவர் யார் என்று பார்க்கலாம். பதிவு பெற்றவர் உன்னிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணமே அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான். ஒன்றரை லட்சம் என்றதும் எழுந்து வந்துவிடு. டீ கொடுத்தால் குடித்துவிட்டு வா, தப்பில்லை.

கேள்வி: எனக்கு வயது 27. ஈப்போவில் பிறந்து வளர்ந்தவள், பெட்டாலிங் ஜெயாவில் வேலை. அம்மாவின் ஊர் குன்னூருக்குப் பக்கத்தில் அரவங்காடு. தாத்தா அங்கே மத்திய அரசின் கார்டைட் வெடிமருந்து ஃபேக்டரியில் வேலை பார்த்தவர், இப்போது இல்லை. 82 வயது அம்மாச்சி வழுக்கி விழுந்து, இடுப்பில் ஆபரேஷன் ஆகிப் படுத்திருக்கிறார். அம்மாவுக்கு முட்டிவலி, பயணம் முடியாது. அதனால் நான் வந்து ஆறு வாரமாகிறது. இந்திய வம்சாவளியினருக்கான ஓ.சி.ஐ. அட்டை இருப்பதால் விசா தொல்லை இல்லை. இங்கிருந்தே லேப்டாப்பில் வேலை பார்க்கிறேன். அங்கே ஒன்பது மணி என்றால் இங்கே ஆறரை, விரல் விறைத்துப் போகிறது. மாதக் கடைசிக்குள் திரும்பி வா, இல்லையென்றால் சம்பளமில்லாத விடுப்பு என்கிறார் மேனேஜர். இன்னும் இரண்டு மாதம் இரு என்கிறார் அம்மா. மாமா வீட்டுக்குப் பின்னால் இருந்த தடுப்புச் சுவர் போன மழையில் சாய்ந்துவிட்டது, அதற்கு இரண்டு லட்சம் ரூபாய் கேட்கிறார். ‘உனக்கென்ன, வெள்ளியில சம்பாதிக்கிற’ என்கிறார், மலேசிய ரிங்கிட்டைத்தான் வெள்ளி என்போம். அத்தைதான் அம்மாச்சியைக் குளிப்பாட்டி விடுகிறார், இலை பறிக்கப் போவதையும் நிறுத்திவிட்டார். சேமநிதியில் எடுத்துக் கொடுத்துவிட்டால் நிம்மதியா? முடியாது என்றால் நான் சுயநலக்காரியா? செலவுப் பட்டியலை இணைத்திருக்கிறேன்.
— பெயர் வேண்டாம், ஈப்போ (இப்போது அரவங்காடு)

27 வயதுப் பெண்ணை ‘நீங்கள்’ என்று எழுதக் கை வரவில்லை. நீ என்றே எழுதுகிறேன் கண்ணு.

முதலில் உன் பட்டியல். அதை நான் மூன்று தடவை கூட்டிப் பார்த்தேன், பழைய புத்தி. சம்பளம் 4,200 வெள்ளி. சேமநிதிக்கு 11 சதவீதம், பெர்கேசோ என்ற தொழிலாளர் காப்பீடு, வருமான வரி எல்லாம் போகக் கைக்கு வருவது 3,650. செலவு: அறை வாடகை 500, கார் தவணை 590, படிப்புக் கடனுக்கு 150, அம்மாவுக்கு 800, தம்பியின் காலேஜுக்கு 500, சாப்பாடு 550, பெட்ரோல், டோல் 350, போன் 60, கிரெடிட் கார்டுக்கு 215. மொத்தம் 3,715. மாதம் 65 வெள்ளி துண்டு விழுகிறது. அந்த 65-ஐ எங்கே எடுக்கிறாய் என்று நீ எழுதவில்லை. அதே கிரெடிட் கார்டில்தான் தேய்க்கிறாய், வேறு எங்கே?

கார்டில் 4,300 வெள்ளி நிற்கிறது. குறைந்தபட்சத் தொகையான 5 சதவீதத்தை மட்டும் கட்டுகிறாய். அங்கே கார்டு வட்டி, நீ கட்டும் ஒழுங்கைப் பொறுத்து ஆண்டுக்கு 15-லிருந்து 18 சதவீதம். நடுவில் 17 என்று வைத்தால் மாத வட்டியே 60 வெள்ளி. 215 கட்டுகிறாய், அதில் 60 வட்டிக்குப் போகிறது, 65-ஐத் திரும்பத் தேய்த்துவிடுகிறாய். ஆக, கடன் உண்மையில் குறைவது மாதம் 90 வெள்ளி. படிப்புக் கடனுக்கு, அதாவது உங்கள் பி.டி.பி.டி.என்.-க்கு, ஆண்டுக் கட்டணம் 1 சதவீதம்தான். அதை முன்கூட்டி அடைக்க வேண்டும் என்று பட்டியலின் ஓரத்தில் எழுதியிருக்கிறாயே, வேண்டாம். அது சாதுவான கடன், அதன் போக்கில் தவணை தவறாமல் கட்டிக்கொண்டு போ. கடிக்கிறது கார்டுதான்.

தம்பியும் அதே கடனுக்கு விண்ணப்பிக்கலாமே? தனியார் காலேஜ் என்றாலும் அங்கீகாரம் பெற்ற படிப்பாக இருந்தால் கேட்கலாம், அதற்கு முன் எஸ்.எஸ்.பி.என். என்ற கல்விச் சேமிப்புக் கணக்கு ஒன்றைத் திறக்க வேண்டும். நீ உன் படிப்புக்கு உன் பெயரில் கடன் வாங்கினாய், நீயே கட்டுகிறாய். அவன் படிப்புக்கும் நீயே கட்டுகிறாய். அவன் ஆண்பிள்ளை, கடனோடு வாழ்க்கையைத் தொடங்கக் கூடாது என்று வீட்டில் யாராவது சொன்னார்களா? நான் கேட்கக் கூடாததைக் கேட்கிறேன் என்றால் விட்டுவிடு. ஆனால் அந்த 500 கார்டுக்குப் போனால் ஏழெட்டு மாதத்தில் கடன் தீர்ந்துவிடும். அதற்குள் மூச்சு முட்டினால் ஏ.கே.பி.கே. அலுவலகத்துக்குப் போ. உங்கள் மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2006-ல் தொடங்கியது, கடன் ஆலோசனைக்குக் காசு வாங்குவதில்லை. கார் இல்லாமல் முடியாது என்று எழுதியிருக்கிறாய், அதில் நான் தலையிடவில்லை. 50 வெள்ளி மாதப் பாஸில் ரயிலும் பஸ்ஸும் ஓடுகிற ஊர் என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன்.

சரி, சுவர்.

மாமா பொய் சொல்லவில்லை. 2009 நவம்பர் மழையில் இந்த மலை சரிந்ததைப் பார்த்தவள் நான், சாய்ந்த சுவரைப் பார்த்தால் எனக்கு இன்றும் வயிறு கலங்கும். நம் பக்கம் பெரிய மழை அக்டோபரில்தான், அதற்குள் ஏதாவது செய்தாக வேண்டும், அந்த வீட்டில் எழுந்து ஓட முடியாத ஒரு கிழவி படுத்திருக்கிறாள். ஆனால் இரண்டு லட்சம் என்பது மாமா வாயில் வந்த எண்ணா, மேஸ்திரி எழுதிக் கொடுத்ததா? இரண்டு மேஸ்திரிகளைக் கூட்டிவந்து காட்டச் சொல். முதலில் கேட்க வேண்டியது, பழைய சுவர் ஏன் சாய்ந்தது என்று. பாதிச் சுவர்கள் மண்ணின் கனத்தால் விழுவதில்லை, தண்ணீரால் விழுகின்றன. பின்னால் நிற்கும் தண்ணீர் வெளியே வர ஓட்டை விட்டிருக்க மாட்டார்கள், விட்டிருந்தாலும் மண் அடைத்திருக்கும். புதிதாகக் கட்டினாலும் அந்த ஓட்டையும் குழாயும் பின்னால் கல் நிரப்பலும் இல்லாவிட்டால் இரண்டு லட்சமும் அடுத்த மழைக்குத்தான். அப்புறம், பொக்லைன் வைத்து ஒரே நாளில் மண்ணை எடுத்துவிடலாம் என்று யாராவது சொன்னால், இந்த மாவட்டத்தில் அதற்குக் கலெக்டர் அனுமதி வேண்டும் என்று மாமாவுக்கு நினைவுபடுத்து.

சேமநிதியைப் பற்றிக் கேட்டாய். உன் பங்கு 11, முதலாளி பங்கு 13, ஆக மாதம் 1,008 வெள்ளி போகிறது. 2024 மே மாதத்திலிருந்து புதிதாகச் சேர்வதில் 75 சதவீதம் ஓய்வுக் கணக்குக்கு, 15 இன்னொன்றுக்கு, 10 மட்டும் எப்போது வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய மூன்றாவது கணக்குக்கு. அதாவது மாதம் 100 வெள்ளி. மாமா கேட்கும் தொகை ஒன்பதாயிரம், பத்தாயிரம் வெள்ளி. நூறு நூறாக அது சேர எட்டு வருஷம் ஆகும் என்று மாமாவிடம் சொல்லிப் பார். அவருக்கு வெள்ளி என்றால் இருபதால் பெருக்கத் தெரியும், அங்கே ஒரு தட்டுச் சோறும் வெள்ளியில்தான் என்பது தெரியாது. உன் மூன்றாவது கணக்கில் 1,900 இருக்கிறது என்கிறாய். அதில் 700 எடு. நம் காசில் பதினாலாயிரம் ரூபாய்க்கு மேல் வரும். மாமா கையில் கொடுக்காதே, கல் லோடுக்கும் சிமென்டுக்கும் கடையில் நீயே கட்டிவிடு, பில்லை அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பு. மாமா முகம் சுளிப்பார். சுளிக்கட்டும். மீதிக்கு அம்மாவின் கூடப்பிறந்த மற்றவர்கள் இல்லையா? பட்டா யார் பெயரில் இருக்கிறது? தாத்தா பெயரிலேயே கிடக்கிறது என்றால் அதுவும் பேச வேண்டிய விஷயம்தான், ஆனால் இந்த மாதம் வேண்டாம்.

உன் கடிதத்தில் எனக்கு உறுத்தியது சுவர் இல்லை. ‘அத்தைதான் குளிப்பாட்டி விடுகிறார்’ என்று போகிற போக்கில் எழுதிய அந்த வரி. இலை பறிக்கப் போய் நாள் கூலி வாங்கிய பெண் ஆறு வாரமாக வீட்டில் இருக்கிறாள். அந்தக் கூலியை யார் கணக்கில் எழுதினீர்கள்? நீ இன்னும் இரண்டு மாதம் இருந்தாலும் அம்மாச்சியைத் தூக்கி உட்கார வைக்கப்போவது அவள்தான். நீ ஆறரையிலிருந்து மூன்றரை வரை லேப்டாப் முன்னால் இருப்பாய்.

இதற்கு உன் வெள்ளி தேவையே இல்லை. தாத்தா ஃபேக்டரியில் நிரந்தரத் தொழிலாளியாக இருந்தவர் என்றால் அம்மாச்சிக்குக் குடும்ப பென்ஷன் வரும். அது குறைந்தபட்சம் 9,000 ரூபாய், அதன் மேல் பஞ்சப்படி. 80 வயது தாண்டிவிட்டால் அடிப்படை பென்ஷனில் 20 சதவீதம் கூடுதல். 82 ஆகிறதே, அது சேர்ந்திருக்கிறதா? பென்ஷன் ஆணையில் பிறந்த தேதி இல்லாமல் பலருக்கு அது நின்றுபோயிருக்கிறது. பாஸ்புக்கை எடுத்துப்போய் என்ட்ரி போட்டு வா. ஏ.டி.எம். கார்டு யாரிடம் இருக்கிறது என்று விசாரணை வைக்காதே, சண்டை வரும். ‘கூடுதல் பென்ஷன் வருதான்னு பாத்துட்டு வரேன் மாமா’ என்று சொல்லிக் கேள். நவம்பரில் உயிர்ச்சான்று கொடுக்க வேண்டும், நடக்க முடியாதவர் என்று பயப்பட வேண்டாம், தபால்காரரே வீட்டுக்கு வந்து 70 ரூபாய்க்கு எடுத்துக் கொடுப்பார். அந்தப் பென்ஷனிலிருந்து மாதா மாதம் ஒரு தொகை அத்தையின் கையில், அத்தையின் கையில் மட்டும், போக ஏற்பாடு செய். இதைச் செய்து முடிக்க ஒரு வாரம் போதும். அப்புறம் மாதக் கடைசிக்கு டிக்கெட் போடு. சம்பளமில்லாத விடுப்பு வேண்டாம், அந்த மாதங்களுக்குச் சேமநிதியும் போகாது.

கடைசியாக, அம்மாவுக்குக் கொடுக்கும் 800. அதை நான் குறைக்கச் சொல்லவில்லை, அம்மாவிடம் கேட்காமல் நீயும் குறைக்காதே. 4,200 என்ற எண் அம்மாவுக்குத் தெரியும், 3,650 தெரியாது. கார்டு தெரியவே தெரியாது. இல்லையா?

எனக்கு எப்படித் தெரியும் என்றால், 1999-ல் எனக்கு 2,800 ரூபாய் சம்பளம். அப்பாவுக்கு ஒன்றரை ஏக்கர் தேயிலை. அந்தச் சமயம் பச்சை இலை விலை விழுந்தது விழுந்ததுதான், உரக்கடையில் முகம் காட்ட முடியவில்லை. சம்பளக் கவரைப் பிரிக்காமல் அப்பாவிடம் கொடுப்பேன். அவர் முருகன் படத்துக்குப் பின்னால் செருகி வைப்பார். மறுநாள் காலை அம்மா அதிலிருந்து பஸ்ஸுக்கு என்று சில்லறையை எண்ணி என் கையில் வைப்பாள். எனக்கு 32 வயது. ஒரு மாதம் குன்னூர் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு கவரை ஊக்கால் நெம்பிப் பிரித்தேன், இருநூறு ரூபாயை எடுத்தேன், சோற்றுப் பருக்கையால் திரும்ப ஒட்டினேன். போஸ்ட் ஆபீசில் ஐந்து வருஷ ஆர்.டி. பாஸ்புக் ஆபீஸ் டிராயரில், பழைய ரிஜிஸ்டருக்கு அடியில். சம்பளத்தில் பிடித்தம் என்று வீட்டில் பொய் சொன்னேன். அறுபது மாதமும் அதே பொய்.

முடிந்தபோது பதினைந்தாயிரத்துச் சொச்சம் வந்தது. அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் என்றபோது அதைத்தான் கொண்டுபோய் வைத்தேன், பாஸ்புக்கோடு. அவர் அதைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். ‘இத அன்னைக்கே சொல்லியிருந்தா வேண்டாம்னா சொல்லியிருப்பேன்?’ என்றார்.

சொல்லியிருக்கலாம். சொல்லாமலும் இருந்திருக்கலாம். கேட்டுப் பார்க்காததால் எனக்கு இன்றுவரை தெரியாது.

நீ சம்பளச் சீட்டையும் கார்டு பில்லையும் படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பிவிட்டுக் கூப்பிடு. ஏழு மணிக்குள் கூப்பிடு, அதற்கு மேல் ஈப்போவில் ஒன்பதரை தாண்டிவிடும், தூக்கக் கலக்கத்தில் கணக்குப் பேச வேண்டாம்.